ஒருபக்கம் சாய்ந்த பத்தொன்பது

உதைபந்தாட்ட ஜேர்சியின் முதுகில் பெயரும் இலக்கமும் ஒட்டுகிற தொழிலில், ஒட்டுவதற்குப் பதினைந்து விநாடி போதும். சுத்தமாகக் கழற்றுவதற்கு வழியே கிடையாது. கடை வைத்து, நாள் முழுக்க நின்று, காலும் வாயும் நொந்துபோன எவருக்கும் இந்த நிலைமையை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் கடை பாரிஸ் நகரத்து லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் பக்கத்தில். நானும் பங்காளி செல்வமண்ணையும்தான். தமிழ் விளையாட்டுக் கழகங்கள் வரும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாலி நாட்டுக்காரரும் வருவார்கள். அவர்களில் ஒருவன் சிடிக்கி. முன்வரிசை ஆட்டக்காரன், அதாவது கோல் அடிக்க வேண்டியவன். ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் மேல்மாடியில் வளர்ந்ததால் என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவான், மற்றதெல்லாம் பிரெஞ்சு. அவனுடைய ஆட்ட வாழ்க்கை முழுவதும் என் அச்சு இயந்திரத்துக்குக் கீழால்தான் போனது.

கழுவினால் போகுமா?

சிடிக்கிக்கு இருபது வயதில் வடக்கே ஓர் இரண்டாம் பிரிவுக் கழகத்தில் இடம் கிடைத்தது. பெயர் தெரியாத ஆட்டக்காரனின் ஜேர்சியைக் கழகம் விற்பதில்லை. ஆகவே அவனுடைய தாய் மதாம் ஃபந்தா வெறும் ஜேர்சி ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் ருவாசி விமான நிலையத்தில் துப்புரவு வேலை. நாங்கள் அதற்குப் பக்கத்து ஊரான கூசேன்வில்லில் இருக்கிறோம். என் மனைவிக்கும் அதே விமான நிலையத்தில்தான் வேலை, இருவருக்கும் ஒரே வேலை நேரம்.

பெயரை ஒட்டிக் கொடுத்தேன். விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்திப் பார்த்தார். கழுவினால் போகுமா என்று கேட்டார். ஜேர்சி கிழிந்தாலும் எழுத்து போகாது என்றேன்.

“என் மகனை அங்கே எத்தனை நாள் வைத்திருப்பார்களோ தெரியாது. உங்கள் எழுத்தாவது நிற்கட்டும்.”

பனிக்கால மாற்றம்

மகன் நிற்கவில்லை. ஆறு வருடத்தில் ஐந்து கழகம். கோடையில் ஒரு மாற்றம், பனிக்காலத்தில் இன்னொன்று. தெருவில் உள்ளவர்கள் புதுக் கழகத்தின் ஜேர்சியில் அவன் பெயரை ஒட்டி வாங்கிப்போன கிழமையே அவன் வேறு ஊருக்குப் போயிருப்பான். கடைசியில் செல்வமண்ணை ஒரு சட்டம் போட்டார்: உறுதியான செய்தி வரும்வரை இயந்திரத்தைச் சூடாக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது.

ஒருநாள் பக்கத்துச் சிகை அலங்காரக் கடைக்காரர் ஒரு ஜேர்சியைக் கொண்டுவந்தார். சிடிக்கியின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவனின் பெயரைப் போட வேண்டுமாம். எடுத்தாலும் பழைய எழுத்தின் தடம் தெரியும் என்று பொறுமையாக விளக்கினேன்.

“தெரியட்டும். மைதானத்தில் அவன் விட்ட தடத்தைவிட இது நன்றாகத் தெரிகிறது.”

மூலைக் கதிரை

பிறகு முழங்கால். சத்திரசிகிச்சை முடிந்து அந்தப் பனிக்காலம் முழுக்கச் சிடிக்கி பாரிஸ் நகரில் இருந்தான். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் எங்கள் தெருவுக்கு அருகில். அது முடிந்ததும் வந்து எங்கள் கடையின் மூலைக் கதிரையில் இருப்பான். ஒருநாள் தானாகவே சொன்னான்: மாலி தேசிய அணிக்கு ஒரே ஒரு தடவை ஆட வேண்டும், அம்மா அரங்கில் இருந்து பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் என்றாலும் போதும். அவனுடைய முழங்காலைப் பார்க்காமல் நான் தலையாட்டினேன்.

சும்மா இருக்க முடியாமல், வருகிறவர்களுக்கு அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பான். எடுத்துக் கொடுப்பது வேறு ஆட்டக்காரரின் ஜேர்சிகளை. ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. தன் மகனுக்கு வாங்க வந்த நம் தமிழ்ப் பெண்மணி ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“அண்ணை, உங்கடை கடைப் பெடியன் நல்ல உயரம். இஞ்சை சும்மா இருத்தி வைச்சிருக்காமல் பந்தடிக்க விட்டிருக்கலாமே?”

என் அவசரம்

இரண்டு வருடம் கழித்து அழைப்பு வந்தது. மாலி அணிக்குப் பாரிஸ் நகருக்கு வெளியே ஒரு நட்பு ஆட்டம். வழக்கமாக ஒன்பதாம் இலக்கம் அணிகிறவருக்குக் காயம். பட்டியலில் சிடிக்கியின் பெயர். முழங்கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது, இது போனால் அடுத்தது இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதாம் ஃபந்தா தெருவில் முப்பது பேரைத் திரட்டினார். முப்பது பேருக்கும் ஜேர்சி வேண்டும்.

மற்றவர்களுக்கு இத்தனை வருடம் பொறுமை போதித்த நான் பொறுக்கவில்லை. காயப்பட்டவரின் இடத்துக்குத்தானே போகிறான், அவருடைய இலக்கம்தானே வரும் என்று முப்பதிலும் அவன் பெயரையும் அதன் கீழே நட்ட நடுவில் ஒன்பதையும் ஒட்டினேன். “இலக்கப் பட்டியல் வரட்டும், பிறகு சூடாக்குவம்” என்று செல்வமண்ணை இரண்டு தரம் சொன்னார். ஆட்டத்துக்கு முதல்நாள் பட்டியல் வந்தது. ஒன்பது வேறொருவருக்கு. சிடிக்கிக்குப் பத்தொன்பது. கையில் வெறும் ஜேர்சி ஒன்றுகூட மிச்சமில்லை. செல்வமண்ணை என் பக்கம் திரும்பினார்.

“அவனுக்கு ஒன்பதைக் குடுத்தது நீர். இப்ப பயிற்சியாளரிட்டை ஆர் போய்ச் சொல்லுறது?”

முன்னால் ஓர் ஒன்று

ஒரே வழிதான் இருந்தது: ஒன்பதுக்கு முன்னால் ஒன்றை ஒட்டுவது. ஒட்டினோம். ஒன்பது நடுவில் நின்றதால் ஒன்று இடது தோள்பட்டைக்குக் கீழே போய்விட்டது. பேருந்தில் கடைசி ஆளாக ஏறித் தொங்குகிறவனைப் போல இருந்தது. முப்பதும் அப்படியே.

மதாம் ஃபந்தா வாங்க வந்தபோது பிழையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஜேர்சியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஆட்டம் மறுநாள் பிற்பகல். அன்றைக்கு அவருடைய பங்கு வேலையையும் சேர்த்துச் செய்ய என் மனைவி ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தாள். ஒன்றையும் பின்போட முடியாது.

“இருபது வருடம் குனிந்து கூட்டியவள் நான். என் முதுகில் எதுவும் நேராக நிற்காது.”

முதுகு

நானும் போனேன். முதல் பாதி போனது, இரண்டாம் பாதியும் போய்க்கொண்டிருந்தது. சிடிக்கி கோட்டுக்கு வெளியே ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருந்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது அவனைக் கூப்பிட்டார்கள்.

அவர்களுக்குள் முதலே பேசிவைத்திருக்கிறார்கள் போலும்: அவன் உள்ளே வந்ததும் முப்பது பேரும் எழுந்து, மைதானத்துக்கு முதுகு காட்டி நின்று, பெயரையும் இலக்கத்தையும் அவனுக்குக் காட்டினார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான், கையைத் தூக்கினான். அதே கணம் அவனுக்குப் பந்து வந்தது. திரும்பி ஓங்கி அடித்தான். கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதற்குப் பிறகு பந்து அவனிடம் வரவில்லை. அந்த ஒரே அடியை எங்கள் கூட்டத்தில் பார்த்தது, முதுகு காட்டி நிற்காத நான் மட்டும்தான். என்ன நடந்தது என்று மதாம் ஃபந்தா கேட்டார். சொன்னேன்.

“பரவாயில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான்.”

சுவரில் தொங்குவது

அடுத்த அழைப்பு வரவில்லை. முழங்கால் அடுத்த வருடமே முடிவைச் சொல்லிவிட்டது. இப்போது சிடிக்கி பயிற்சியாளர் படிப்புக்கு விண்ணப்பப் பத்திரங்கள் நிரப்புகிறான். மூலைக் கதிரையில் இருந்துதான் நிரப்புகிறான். அன்று அணிந்த ஜேர்சியை எங்கள் கடைக்கே தந்துவிட்டான். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறோம். பத்தொன்பது நடுவில், நேராக, அளவெடுத்தாற்போல் நிற்கிறது.

போன கிழமை மாலிக்காரர் ஒருவர் அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் பின்னால் கதிரையில் சிடிக்கி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. இது அசல், அவன் ஆட்டத்தில் அணிந்தது என்றேன். ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“எங்கள் தெருவில் அந்த ஜேர்சி முப்பது இருக்கிறது ஐயா. அசல் பத்தொன்பது ஒருபக்கம் சாய்ந்திருக்கும், இது போலி.”

எட்டு வருடம் நொண்டி நொண்டி ஓடி அவன் நேராகச் சம்பாதித்ததை, பதினைந்து விநாடியில் நான் செய்த பிழை போலியாக்கிவிட்டது என்றால், ஒன்று நிச்சயம்: ஒட்டியது போகாது, நாங்கள் பாவிக்கிற பசையில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.