தங்கை வீட்டு சவுண்ட்பார்

என் தங்கைக்குப் பேசுவதுதான் வேலை. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிறாள். தண்ணீர் வராதவர்கள் யாரும் அவளிடம் மெதுவாகப் பேசுவதில்லை. அவள் மட்டும் நிதானமாக, அவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லிச் சரிபார்த்து, புகாரைப் பதிவு செய்ய வேண்டும். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அதே வேலை மறுபடி தொடங்கும். அவள் கணவர், என் மாப்பிள்ளை, தகரப் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இடி அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. டி.வி.யில் தொடர் ஓடும்போது வரிக்கு வரி அவள் பக்கம் திரும்புவார்.

"என்ன சொன்னான்?"

"வீட்டை விக்க மாட்டானாம்."

"யாரு?"

"பெரியவன்."

"ஏனாம்?"

"அதைத்தான் சொல்ல வந்தான். அதுக்குள்ள நீங்க கேட்டுட்டீங்க."

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "சாயங்காலம் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம உக்காரணும் அண்ணா. வேற ஒண்ணும் வேணாம்."

காது டாக்டர், காதுக்கருவி என்ற பேச்சை எடுத்தாலே மாப்பிள்ளைக்கு முகம் மாறிவிடும். "என் காதுக்கு என்ன? இப்ப வர்ற டி.வி. எல்லாம் சுவரைப் பாத்துப் பேசுது. ஹால் வேற எதிரொலிக்குது. இதுல எவனுக்குக் கேக்கும்?"

அதில் உண்மையும் இருந்தது. மெல்லிய டி.வி.; ஒலி பின்பக்கமாகத்தான் வருகிறது. ஹாலில் தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். டி.வி.க்கு முன்னால் வைக்கும் நீள ஸ்பீக்கர், சவுண்ட்பார், ஒன்று வாங்குவதென்று முடிவானது. அளவெடுக்க நான் போனேன். ஹால் பதினான்குக்குப் பத்தடி. சோபாவிலிருந்து டி.வி. எட்டடி. கூரை ஒரு பக்கமாகச் சாய்வு.

மூவருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்த நடுவயதுக்காரர். காலையிலிருந்து உட்காரவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சண்டைக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார். நாற்காலி அதிர்ந்தது.

"தியேட்டரே வீட்டுக்கு வந்துரும் மேடம்."

"தியேட்டர் வேணாம் தம்பி. பேசுறது புரிஞ்சாப் போதும்."

அடுத்ததாக, ஒலியைக் கூரையில் மோதவிட்டுக் கீழே அனுப்பும் ரகத்தைக் காட்டினார். ஹால் கூரை சாய்வு என்றேன். அதைத் திருப்பி வைத்துவிட்டார். தரையில் வைக்கும் தனிப் பெட்டியோடு வரும் ஒன்று மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது. ஆனால் கீழ்வீட்டு லாரி டிரைவர் இரவு வண்டி எடுப்பவர், மாலையில்தான் தூங்குவார். அவர் தலைமேல் திம்திம் என்று இடிக்க முடியாது. கடைசியில் டி.வி.யைவிட அகலம் குறைந்த ஒன்றை எடுத்தோம். பேச்சுக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர்.

"இது என்ன, அடிஸ்கேல் மாதிரி இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"உங்களை மாதிரிதான் மாப்பிள்ளை. ஒல்லியா இருந்தாலும் சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல."

கடைக்காரர்கூடச் சிரித்தார்.

வீட்டில் முதலில் டி.வி.க்குக் கீழே இருந்த தட்டுக்குள் வைத்தோம். பானைக்குள் பேசுவதுபோல் இருந்தது. வெளியே எடுத்து, டி.வி.க்கு முன்னால் மேசை விளிம்பில் வைத்தோம். தங்கை ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாள், தரையில் பாய் விரித்தாள். சோபா சுவரில் ஒட்டி நின்றது. அதை ஒரு முழம் முன்னால் இழுத்தோம். ரிமோட்டில் பேச்சுக்கான பொத்தானை அழுத்தினேன். அடுக்களை வாசலில் போய் நின்று பார்த்தேன். அங்கேகூட ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

தொடர் ஆரம்பித்தது. தங்கை சோபாவில் சாய்ந்து காலை நீட்டினாள்.

மாப்பிள்ளை முன்னால் குனிந்தார். ஒலியை ஏற்றினார், இறக்கினார். ஜன்னலைப் பார்த்தார், திரை இருந்தது. தரையைப் பார்த்தார், பாய் இருந்தது.

"மச்சான், உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"எல்லாமா?"

"எல்லாம் கேக்குது, மாப்பிள்ளை."

அதற்குப்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. தொடரில் இரண்டு பெண்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி அழுதபோது, எதற்கு அழுகிறாள் என்று தெரியாத முகத்தோடு இருந்தார். தங்கைக்கு வேண்டியிருந்த அமைதி கிடைத்துவிட்டது. ஆனால் அவள் தொடரைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அவரைத்தான் பார்த்தாள்.

விளம்பரம் வந்ததும் அவளாகவே சொன்னாள்: "அக்காகாரி கையெழுத்துப் போட்டுட்டா. அதான் அழுகை."

"நீ பேசாம உக்காரு."

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். அவர் கோபித்துக்கொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

விளம்பரம் முடியும்வரை ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு டி.வி.யை அணைத்தார்.

"அந்தக் காது டாக்டர் சனிக்கிழமை இருப்பாரா?"

"இருப்பாரு. இருங்க, போன் பண்ணிக் கேக்கறேன்." தங்கை எழுந்திருக்கப் போனாள்.

அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ காலையிலேருந்து பேசிட்டுத்தானே இருக்க. மச்சான் பண்ணட்டும்."

நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு இடம் கிடைத்தது.