தலைக்குக் கரண்ட் வைத்துப் படித்த ஜெர்மன்

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவை ரொம்ப வருசம் நான்தான் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் என் கண்ணைத் தாண்டி ஓட்டை விழுந்த பீஸ் ஒன்றுகூட அட்டைப் பெட்டிக்குள் போனதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

என் மகள் வேறொரு எக்ஸ்போர்ட் ஆபீசில் இருந்தாள். அங்கே ஆர்டர் கொடுப்பது ஜெர்மன்காரர்கள். அவர்களுடைய பாஷை கொஞ்சமாவது தெரிந்தவருக்குத்தான், அவர்களோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிற மெர்ச்சண்டைசர் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவர்களே நேரில் வந்து பேசிப் பார்ப்பார்களாம். இவளுக்கு அந்த வேலை மேல் உயிர்.

ஒரு சாயங்காலம் நெற்றியில் ரெண்டு சிவந்த வட்டத்தோடு ஊட்டுக்கு வந்தாள்.

“என்ன கண்ணு இது?”

“மூளைக்கு லேசாக் கரண்ட் குடுக்கறாங்கம்மா. அப்பப் படிச்சா வார்த்தை நல்லா ஒட்டிக்குமாம்.”

“சாயப்பட்டறையில ஒட்டுன சாயமே ரெண்டு தண்ணியில வெளுக்குது.”

மறுநாள் நானும் கூடப் போனேன். வேலம்பாளையத்தில் ஒரு மாடி அறை. ஈரப் பஞ்சு வைத்த தலைப்பட்டை, செல் போட்ட சின்னப் பெட்டி, டை கட்டிய ஆள் ஒருத்தர்.

“ஏனுங்க தம்பி, இதை உங்க தலையில கட்டியிருக்கீங்களா?”

“எனக்கு எதுக்குங்கம்மா?”

“அப்ப ஜெர்மன் எப்படிப் படிச்சீங்க?”

“நான் படிக்கலீங்க. மெஷின் மட்டுந்தான் நம்முளுது.”

மகள் என் முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

தமிழ் வார்த்தையும் அதற்கு நேரே ஜெர்மனுமாக ஒரு தாள் வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் அதை முழுசாகப் பார்க்காமல் ஒப்பித்தாள். காலருக்குக் கிராகன், கைக்கு எர்மல், பட்டனுக்குக் க்னொப்ஃப் என்று குழாய்த் தண்ணியாய்க் கொட்டியது. “பாத்தியா?” என்றாள்.

செக்கிங்கில் கட்டின் மேலே இருக்கிற பீசை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அங்கே நல்லதாகத்தான் வைத்திருப்பார்கள். நடுவில் கைவிட்டு உருவவேண்டும். நான் தாளை வாங்கி, நடுவில் விரலை வைத்து, “தை...யல்” என்று கூட்டிப் படித்தேன்.

அவள் உதடு முணுமுணுத்தது. காலரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு இறங்கி வருகிறாள்!

“அங்கிருந்து எதுக்குச் சாமி வர்றே? ஜெர்மன்காரன் வரிசையாவா கேப்பான்?”

“உனக்கு எது மேலயும் நம்பிக்கை கிடையாது!” என்று அழுதாள். அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளே அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கத்தரித்து ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக் குலுக்கினாள். தலை சீவும்போதும் சோறு வடிக்கும்போதும் ஒன்றை உருவிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டையையும் விடவில்லை.

ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஒரு டீ-ஷர்ட்டைத் தூக்கிப் பிடித்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்களாம். முக்கால்வாசி சொல்லிவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது.

“மெஷினாலதாம்மா” என்கிறாள் இப்போதும்.

“அதை எப்படி நம்பறது? பட்டை கட்டாம இருந்தா வந்திருக்குமான்னு பாக்க உனக்கு இன்னொரு தலையா இருக்குது?”

“இருந்தா அதுக்கும் நீதான் செக்கிங்குக்கு வந்து நிப்பே” என்றாள்.