மூணு வாட்டு மெஷினும் பல் டாக்டரின் ஸ்பீக்கரும்

வால்வுக்காரர் என்றால் நாலு தெருவுக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் பாட்டுக் கேட்கும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படித்தவன் மீட்டரைத் தேடுவான். அவர் காதை வைத்தே எந்த வால்வு படுத்துவிட்டது என்று சொல்லிவிடுவார். வீடு கட்டியது, பெண்ணைக் கரையேற்றியது எல்லாம் அந்தக் காதுதான்.

பல் டாக்டர் ஆள் உயரத்துக்கு ஒரு ஜோடி ஹாரன் ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். துளி பவர் கொடுத்தால் கூடமே அதிரும் ரகம். அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு நூறு வாட்டு மெஷின் வேண்டுமோ என்று இழுத்தார்.

"எறும்பை மிதிக்க யானையா டாக்டர்? மூணு வாட்டு போதும். நம்ம கைல விடுங்க."

ஸ்பீக்கரின் மின்தடை ஓம் கணக்குக்குத் தோதாக டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றினார். பட்டறையில் கிடந்த பழைய ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்தார். பிசிறே இல்லை. ஆனால் அது சோம்பேறி ஸ்பீக்கர். கொடுப்பதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

மெஷினைக் கொடுக்கப் போன அன்று மனைவியும் கூட வந்தாள், கடைவாய்ப் பல்லைப் பிடுங்க. டாக்டர் வீட்டோடு இருந்த கிளினிக்கில் வேலை முடிந்து, மரத்துப்போன கன்னத்தைப் பிடித்தபடி கூடத்து வாசலில் நின்றாள்.

வால்வுக்காரர் சுவிட்சைப் போட்டார். இன்னும் பாட்டு வைக்கவில்லை.

"என்ன மெக்கானிக், உறுமுதே?"

"உறுமுறதா? கப்சிப்னு இருக்கே டாக்டர்."

"ஏங்க, வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம் போடுது," என்றாள் மனைவி குழறலாக.

"உனக்கு ஊசி தலைக்கேறிடுச்சு."

"ஊசி வாய்க்குத்தாங்க போட்டாரு. காதுக்கு இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். வால்வுக்காரர் ஸ்பீக்கரின் வாயிலேயே காதை வைத்தார். அப்போதுதான் மெல்லிய 'ம்ம்' கேட்டது. ஒரு சாண் விலகினால் இல்லை.

புரிந்துவிட்டது. பவரைப் பொருத்தியவர் அமைதியைப் பொருத்த மறந்திருக்கிறார். சோம்பேறி ஸ்பீக்கர் மூடி மறைத்த இரைச்சலை இது ஊதிப் பெரிதாக்குகிறது. அது சின்ன விஷயம், மெஷினில் ஒரு திருகைத் திருகினால் போகும். வாசலில் நிற்பவளுக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. நெஞ்சு திக்கென்று ஆகும் என்று காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. எரிந்த ஃபியூஸைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

'உங்க வீட்டு கரண்டு சரியில்ல' என்றிருந்தால் டாக்டர் நம்பியிருப்பார். பேரும் தப்பியிருக்கும். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"நீ அங்கயே நில்லு. நான் திருகுறேன், குறைஞ்சா சொல்லு."

"என் பேச்சைக் கேட்டு நீங்க ஒரு வேலை செய்றதா? டாக்டர், நீங்கதான் சாட்சி."

"வாய் மரத்தும் பேச்சு குறையல பாரு."

"ஏறுது... இப்ப இறங்குது... இன்னும் கொஞ்சம்... ஆங், போச்சு."

டாக்டர் அவரையே பார்த்தார். "மெக்கானிக், உங்களுக்குக் கேக்கலயா?"

"கேக்கல டாக்டர்." மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

பாட்டு எழுந்தது. மூணு வாட்டுக்குக் கூடம் நிறைந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். வால்வுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் பாதித் தெரு தாண்டியிருப்பார்கள்.

"அடுத்த மெஷினுக்கும் நீ வந்து நில்லு," என்றார் அவர்.

"நிக்கிறேன். மனசு கஷ்டமா இருக்கா?"

"ஒண்ணும் தெரியல."

அவள் தன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். "எனக்கும்தான் தெரியல. வீட்டுக்குப் போனப்புறம்தான் வலிக்குமாம்."