பூசையில் இருந்த சூட்டுக்கோல்

பாவாயியை நல்லவள் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. நாமக்கல்லில் சேந்தமங்கலம் ரோட்டோரம் அவள் புருஷன் காத்தானுடைய மோட்டார்ப் பட்டறை. அதை ஒட்டிய கொட்டகையில் பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவன் நான். ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் மனதில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் ஒளித்ததும் இல்லை.

இருவரும் மேச்சேரிப் பக்கம் கரட்டுப்பாளையத்துக்காரர்கள். காத்தான் அங்கே கொல்லுப்பட்டறை வைத்திருந்தான். முப்பத்தொன்றாம் வருஷம் மகள் மயிலம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வலி கண்டது ஆயுதபூசை அன்று. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அந்த ஊரில் மோட்டார் இருந்தது ஒரே ஒருவரிடம். மிட்டாதார் அர்த்தநாரி, ஊர் நிலமெல்லாம் அவருடையது. காத்தான் ஓடிப்போய் அவர் வாசலில் விழுந்தான். கார் சந்தனப் பொட்டும் மாலையுமாக நின்றிருந்தது.

“பூசையில இருக்கற வண்டிய எடுத்தா சாமி கண்ணக் குத்தும், போடா,” என்று சொல்லிவிட்டு மிட்டாதார் சாப்பிட உள்ளே போய்விட்டார்.

காத்தானும் அன்று தன் கட்டைவண்டிக்கு மாலை போட்டுத்தான் வைத்திருந்தான். அதை அறுத்தெறிந்துவிட்டு மாட்டைப் பூட்டினான். ஓமலூர் வருவதற்குள் மயிலம்மாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பாவாயி புருஷனிடம், “நீ மோட்டார் வேல கத்துக்க,” என்றாள்.

“அதெதுக்கு எனக்கு?”

“மோட்டாருன்னா ஒரு நாளைக்கு எங்காச்சும் நிக்கும். நம்ம வாசல்ல நிக்கோணும்.”

காத்தான் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். சேலத்தில் ஒரு வருஷம் கிரீஸில் புரண்டு தொழில் கற்றுக்கொண்டு வந்து, அவள் காட்டிய இடத்தில் பட்டறை போட்டான். நாலா பக்கத்து வண்டியும் வந்து போகிற ரோடு என்று பார்த்துத்தான் அவள் நாமக்கல்லைக் காட்டியிருந்தாள். நான் அவளைக் கேலி செய்வேன். “ஏனக்கா, அந்தாளு வராமயே போயிட்டா?” என்பேன். “வருவான் போ,” என்று சாணி தெளித்துக்கொண்டே சொல்வாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் மிட்டாதார் வந்தார். அதுவும் ஆயுதபூசை அன்று, உச்சிவேளையில். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரண்டு கட்டில், ஸ்டவ், தண்ணிப்பானை, ஜன்னலுக்குப் பட்டுத்திரை எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். ஊட்டு பஸ் வந்திருக்குது என்று தெருவே கூடிவிட்டது. பத்துப் பேர் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார்கள்.

காத்தான் குனிந்து பார்த்தான். பெட்ரோல் குழாய் இணைப்பில் விரிசல். ஈயம் வைத்து அடைத்தால் போதும், அரைமணி வேலை. மிட்டாதார் அவனை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. வாசலில் விழுகிறவன் முகத்தை யார் பார்த்தார்கள்.

“சீக்கிரம் முடிச்சுக் குடு மேஸ்திரி. விடியறதுக்குள்ள கரட்டுப்பாளையம் போயாகோணும். நாளைக்கு விடிஞ்சதும் கோயில்ல சாமி அம்பு போடும்போது எனக்குத்தான் பரிவட்டம். நான் இல்லைன்னா பங்காளி தலையில கட்டிருவாங்க. ஒருக்காப் போச்சுன்னா போச்சு.”

ஐம்பது மைல். ஊரில் ஓடுகிற பஸ், மாட்டுவண்டி எல்லாம் மாலையோடு நின்றன. எந்தப் பட்டறையிலும் அன்று சாமான் தொட ஆளில்லை. காத்தானோ பழக்கதோஷத்தில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுக்க உள்ளே திரும்பினான். பாவாயி நிலைப்படியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் உலையும் சூட்டுக்கோலும் சுத்தியலும் ஸ்பானர்களும் கழுவி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டு வரிசையாக இருந்தன.

“பூசையில இருக்குதுங்க. நாளைக்குத்தான் எடுப்போம்,” என்றாள்.

மிட்டாதாருக்கு முகம் சிவந்தது. “ஆத்திர அவசரத்துக்கு எடுத்தா சாமி ஒண்ணும் கண்ணக் குத்தாதும்மா. மனசுதான் முக்கியம்.”

நான் ஊசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். பாவாயி அசையவில்லை. ஆனால் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசமாத்தான்.”

“அப்ப நீங்களே மாலையக் கழட்டி எடுத்துக் குடுங்க. எங்களுக்குக் கை வராதுங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மாலையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார். சூட்டுக்கோலை எடுத்துக் காத்தானிடம் நீட்டினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் படியில் அவர் சம்சாரம் பொன்னாத்தாளும் நின்றிருந்தாள்.

“இவ்வளவு நேரந்தானுங்களா ஆவுது?” என்று பாவாயி கேட்டாள். “மாலையக் கழட்ட இவ்வளவு நேரந்தானா? எம்புருசன் உங்க வாசல்ல உளுந்து கெடந்தானுங்க. கொல்லன் காத்தான். எம்மவ மயிலம்மா வவுத்துப் புள்ளையோட கத்திக்கிட்டுக் கெடந்தா. அன்னைக்கு உங்க சாமி கண்ணக் குத்துமின்னீங்க. இன்னைக்குப் பரிவட்டத்துக்குக் குத்தாதுங்களா?”

பதில் பேசியது பொன்னாத்தாள்.

“ஏனுங்க, அன்னைக்குக் கார் ரிப்பேரு, அதான் குடுக்க முடியலைன்னு எங்கிட்டச் சொன்னீங்களே.”

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாவாயி காத்தான் கையிலிருந்த சூட்டுக்கோலை வாங்கி, பழைய இடத்தில் வைத்து, அந்த மாலையையே மறுபடி எடுத்துப் போட்டாள்.

“எவ்வளவு நேரமாவுதுன்னு பாக்கத்தானுங்க கழட்டச் சொன்னேன். நாளைக்கு விடிஞ்சு வாங்க.”

காத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தான். செய்து கொடுத்துவிடலாமே என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

மிட்டாதார் ஊரெல்லாம் ஆள் விட்டுப் பார்த்தார். யாரும் பூசையைக் கலைக்கவில்லை. விஜயதசமி விடிந்ததும் பாவாயி குளித்து, கற்பூரம் காட்டி, மாலையை எடுத்தாள். காத்தான் உலையை மூட்டி அரைமணியில் குழாயை அடைத்தான். கரட்டுப்பாளையத்தில் அந்நேரம் பங்காளி தலையில் பரிவட்டம் ஏறியிருக்கும்.

பஸ் உறுமியது. மிட்டாதார் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பொன்னாத்தாள் பின்னால் கட்டிலில் இருந்தாள். பாவாயி அவள் ஜன்னலருகே போனாள்.

“பண்ணாடிச்சி, உங்க ஊட்டுக்காரரு சொன்ன ரிப்பேரு இப்பத்தானுங்க வந்துச்சு,” என்றாள். “ஏழு வருசங் கழிச்சு. சரி பண்ணிக் குடுத்துட்டோம், பாத்துப் போங்க.”