மார்னி போட்ட கையெழுத்து

அயோவாவில் எங்கள் ஊர் நூலகத்தில், வரி கட்டும் காலம் வந்தால் சனிக்கிழமைதோறும் நான் இலவசமாகப் படிவம் நிரப்பித் தருகிறேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ புளுகுகளைக் கேட்டாயிற்று. கோரி ஹால்வர்சனிடம் வந்த குமட்டல் வேறு யாரிடமும் வந்ததில்லை.

அவன் மனைவி மார்னி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனியில் நாலரை மணிக்கே எழுந்து வண்டியைச் சூடாக்க வேண்டும். வார இறுதியில் பேக்கரி வேலை. இரண்டு சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்கள். அதில் திரும்பி வரும் பணத்தில் உடைந்த கடைவாய்ப் பல்லைச் சரிசெய்ய வேண்டும் என்பாள். ஒரு வருடப் பணம் கோரியின் மாநாட்டுக்குப் போனது, அடுத்தது அவன் கணினிக்கு. கோரித் துரையோ ஏழு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்.

"உங்க வருமானம்?" என்று கோரியைக் கேட்டேன்.

"எனக்கு ஏது? மூணு வருஷமா உதவித்தொகைதான். யுனிவர்சிட்டி வருமானப் படிவமே தரல. படிவம் இல்லன்னா வருமானம் இல்ல, எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் இப்படித்தான்."

ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் சொல்லும் பல்லவி இது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற உதவித்தொகை வருமானம்தான், படிவம் வந்தாலும் வராவிட்டாலும் என்றேன்.

மார்னிக்கு முகம் வெளுத்தது. "போன ரெண்டு வருஷமும் காட்டலையே. நானும்தானே கையெழுத்து போட்டேன்?"

"புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒரே கணக்கா போட்டா ரெண்டு பேருமே பொறுப்புங்க."

"எனக்குத் தெரியாது" என்றான் கோரி. நானும் அவன் பாவம் என்றுதான் நினைத்தேன். தொகையைப் பார்க்கப் போனில் மின்னஞ்சலைத் திறந்தான். மார்னி எட்டிப் பார்த்தாள். 'இப்பணத்துக்கு வரி உண்டு, நாங்கள் பிடிப்பதில்லை, நீங்களே கட்டவும்' என்று பல்கலைக்கழகம் மூன்று வருடமும் எழுதியிருந்தது. மூன்றுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தான்.

"படிச்சிருக்க" என்றாள் மார்னி.

"வரி ஆபீஸுக்கு எப்படித் தெரியப்போகுது? நீ சும்மா கையெழுத்தப் போடு மார்னி."

சீ! தின்பது அவள் உழைப்பு, மாட்டிவிடுவதும் அவளையா? அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மார்னி என் பக்கம் திரும்பினாள். "தனியா போட முடியுமா?"

"முடியும். சில சலுகை போயிடும். பழைய ரெண்டையும் திருத்தணும், அந்தப் பாக்கி உங்க தலையிலயும் விழும்."

"விழட்டும். பழைய கணக்கையும் எடுங்க."

கோரி சிரித்து மழுப்பப் பார்த்தான். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு தனித்தனியாவா?"

"முதல்ல பேப்பர்ல ஆரம்பிப்போம்" என்றபடி என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள்.