பூஜையில் வைத்த செயின் சா

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கையெழுத்து ஒரு பக்கமாகச் சாயும், புள்ளி விட்டுப்போகும், சொல்ல வந்ததை மறந்து வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாயே வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் என் மகன் மரம் கழிக்க ஒரு சங்கிலி ரம்ப மிசின், அதான் செயின் சா, வாங்கினான். கைப்பேசியில் விரலால் தட்டினான், இரண்டு மூன்று நாளில் பெட்டியில் வந்து இறங்கியது. பேட்டரியில் ஓடுவது. பெட்ரோல் வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம். கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுப் பின்னால் இருக்கும் மாமரத்தில் இரண்டு கிளையை அறுத்துவிட்டு, "எப்படிம்மா?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். ஆனால் மனசு பண்டமாரானுக்கு ஓடிவிட்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த அப்போது நாங்கள் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாராங் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளில் மரம் கழிக்கப் போவார். மரத்திலிருந்து இறங்கி வரும்போது அவர் முகம் தெளிவாக இருக்கும். துறைமுகத்திலிருந்து வரும்போது அப்படி இருக்காது. ஒரு செயின் சா இருந்தால் இதையே முழு வேலையாகச் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் ஆசை.

அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. அவள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்க்க வந்த ஆட்களில் ஒருவருக்கு அந்த மிசினில் கை போனதைச் சின்ன வயதில் பார்த்தவள். "ராட்சசன் பல்லுங்க அது. அத வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கணுமா?" என்பாள். பல நாள் பேசிப் பேசி, கடைசியில் ஒரு கெடு வைத்தாள். தீபாவளி வரைக்கும் பார்க்கலாம். அதற்குள் நிலையாக வேலை அமையவில்லை என்றால் மிசினை விற்றுவிட்டு அப்பா துறைமுகத்துக்கே போய்விட வேண்டும். அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோரும் அதுவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அப்பா தலையாட்டிவிட்டு, மறுநாளே தன் மோட்டார் சைக்கிளை விற்றார்.

கிள்ளானில் பழைய மிசின் விற்கும் ஒரு சீனத் தௌக்கேயின் கடைக்குப் போனோம். கடை முதலாளியைத் தௌக்கே என்போம். அப்பா, மாமா, நான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சொந்தமாக ஒரு லோரி வைத்திருந்தார், அதனால் எல்லா மிசினும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. என்னை அனுப்பியது அம்மா. "நீயும் போ. என்னா நடக்குதுன்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு" என்றாள். வாய் திறக்காத பிள்ளையை வேவு பார்க்க அனுப்புகிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கடையில் இரண்டு மிசின் இருந்தன. ஒன்று பெரியது, மரக் காட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தது, சங்கிலி ஓடும் அலகு மட்டும் என் உயரம். மற்றது சின்னது, பெயின்ட் எல்லாம் உரிந்து பாவமாகக் கிடந்தது. மாமாவுக்குப் பெரியதைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது.

"மச்சான், யோசிக்கவே வேணாம். இதத் தூக்கிட்டுப் போனா ஆளு மதிப்பான். வெலையும் பாருங்க, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல."

அப்பா பெரியதின் எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையை எடுத்துச் சிரித்தார். "சூடா இருக்கு மாப்ள. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டு வச்சிருக்காரு தௌக்கே. சூட்டுல எந்த மிசினும் ஓடும். ஆறிப்போயி கெடக்குறப்ப ஓடணும்லா."

சின்னது சில்லென்று இருந்தது. கயிற்றை இழுத்தார், இருமியது, மறுபடி இழுத்தார், பிடித்துக்கொண்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அதன் பிறகும் விடவில்லை. ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். அலகின் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். சங்கிலியும் ப்ளக்கும் இங்கே கிடைக்குமா என்று கேட்டார். கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார், சின்னதற்கு எல்லாம் இருந்தது. பெரியதற்குச் சிங்கப்பூரில் சொல்லி வாங்க வேண்டுமாம். அப்பா சின்னதை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா அதை "காய் நறுக்கற கத்தி" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். "நாம அறுக்கப் போறது ரம்புத்தானும் மாமரமும்தான் மாப்ள. அதுக்கு யான எதுக்கு? யானைக்குத் தீனி யாரு போடறது?" என்றார் அப்பா.

அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு புதுச் சடங்கு நுழைந்தது. அப்பா சாக்கை விரித்து மிசினை மடியில் போட்டுக்கொள்வார். மேலே ஒரு மூடி இருக்கும், திருகினால் கழன்றுவிடும். உள்ளே மிசின் மூச்சுவிடும் வலை. அதில் அடைந்திருக்கும் மரத்தூளைப் பழைய பல் விளக்கும் பிரஷால் தட்டி எடுப்பார். வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே பக்கமாகத் தீட்டுவார். பெட்ரோலில் எஞ்சினுக்கான டூ-டி எண்ணெயைப் பால் டின்னால் அளந்து கலப்பார். சங்கிலிக்கு மட்டும் லோரி பட்டறையில் மாமா கொண்டுவந்து தரும் கறுப்பு எண்ணெய். அது செலவில்லாதது. அம்மா தூரத்தில் அரிசி புடைத்துக்கொண்டே முகத்தைச் சுளிப்பாள், ஆனால் கண் அங்கேதான் இருக்கும். வேலைக்குப் போய் அப்பா திரும்பினால், வாசலிலேயே நிறுத்திவைத்து, "கையக் காட்டுங்க" என்பாள். அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டின பிறகுதான் உள்ளே விடுவாள். எண்ணெய்க் கறை வீட்டில் ஒட்டிவிடும் என்ற கவலை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

வேலை வந்தது, ஆனால் துண்டு துண்டாக. ஒரு வாரம் இரண்டு மரம், மறு வாரம் ஒன்றுமில்லை. இந்த நிலையில்தான் ஜெஞ்சாரோமில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு சீனத் தௌக்கே சொல்லி அனுப்பினார். பண்ணையைச் சுற்றிப் பட்டுப்போன ரம்புத்தான் மரங்கள். முதலில் கோழிக் கொட்டகைமேல் சாய்ந்திருக்கும் ஒன்றை அறுத்துக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் மீதி எல்லாம் அப்பாவுக்கு. அவருடைய அண்ணன் தம்பிகளின் தோட்டங்களும் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அப்பா விஜயதசமி அன்றைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். நல்ல நாளில் தொடங்கலாமே என்றுதான்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மாமா தன் லோரிக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, தெருவையே அடைத்துவிட்டார். அம்மா செயின் சாவைக் கையில் எடுத்தாள். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவள், அன்று காலை எழுந்து குளித்து, தானே அதைத் துடைத்தாள். என்னைப் பூ வாங்க அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது, சாமி படத்துக்குக் கீழே, பலகை மேல், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மிசின் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது அல்லவா. அதனால் அன்று சாயங்காலம் மட்டும் அப்பா சாக்கை விரிக்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

விஜயதசமி காலையில் மாமாவின் லோரியில் புறப்பட்டோம். அம்மா வழக்கம்போல என்னையும் ஏற்றிவிட்டாள். பண்ணையில் தௌக்கே எனக்கு உட்கார ஒரு கோழிக் கூண்டைக் கவிழ்த்துப் போட்டார். தோட்டத்து ஆட்களோடு பழகினவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

அப்பா கிளைகளுக்குக் கயிறு கட்டினார். மிசினைக் கும்பிட்டு, அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். அது கிளம்பியது, கொஞ்சம் உறுமியது, வெட்கப்பட்டது போல அடங்கிவிட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி அடங்கியது. ப்ளக்கைக் கழற்றினார், கறுத்து நனைந்திருந்தது. துடைத்து மாட்டினார். அப்போதும் அதே கதை.

"என்னா தம்பி, ஒங்க மெசின் இன்னும் தூங்குதா?" என்றார் தௌக்கே.

"எழுப்பிறலாம் தௌக்கே. கொஞ்சம் இருங்க."

மாமாவுக்குச் சும்மா இருக்க முடியுமா? "நான் அன்னிக்கே சொன்னேன்லா மச்சான். பெருசா எடுத்திருந்தா இந்நேரம் மரம் தரையில கெடக்கும்."

"பந்திங்கில ஒரு ஆளு இருக்கான்," என்றார் தௌக்கே. "பெரிய மெசின் வச்சிருக்கான். நீ முடியாட்டி சொல்லிடு லா, நான் கோவப்பட மாட்டேன். கொட்டகை மேல மரம் விழுந்தா என் கோழிதான் கோவப்படும்."

அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. தீபாவளிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அவர் மிசினைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நான் இருந்த பக்கம் என்பதால் எனக்கு மட்டும் தெரிந்தது. மேல் மூடியைத் திருகித் திறந்தார்.

உள்ளே, மிசின் மூச்சுவிடும் அந்த வலை முழுக்க, தட்டையாக, கெட்டியாக, அழகாகச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. ஓரத்தில் வாடிப்போன ஒரு மல்லிகைப்பூ. வெளியே வைத்த பொட்டு போதாதென்று, தினமும் அப்பா திறப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்த அம்மா, உள்ளேயும் வைத்திருக்கிறாள்.

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். பார்த்தால், சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. பூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் சந்தனத்தை வழித்தார். வலையைக் கொஞ்சம் பெட்ரோலில் அலசி, உதறி, வெயிலில் காட்டினார்.

"என்னா கோளாறு மச்சான்?"

"ப்ளக்கு. நனைஞ்சி போச்சி."

"ப்ளக்குக்கா இவ்வளவு நேரம்?"

"நல்லா நனைஞ்சி போச்சி மாப்ள."

காய்ந்த வலையை மாட்டிக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்புதான். கோழிகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. அப்பா கொட்டகைப் பக்கத்துக் கிளைகளை நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார். ஓடு ஒன்றுகூட அசையவில்லை. பிறகு அடிமரத்தில் கை வைத்தார்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. சூடான தோசைக்கல்லில் எண்ணெய் விட்டால் வருமே, அந்த வாசம். சங்கிலி சுற்றச் சுற்ற பண்ணை முழுக்கப் பரவியது. காலையில் சரியாகச் சாப்பிடாத எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பூஜைக்கு வைக்கும் பொருளில் பட்டறைக் கறுப்பு எண்ணெய் இருக்கலாமா என்று, அதைக் கொட்டிவிட்டு அம்மா நல்லெண்ணெயை நிரப்பியிருக்கிறாள்.

மாமா மூக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். "மச்சான், நல்லெண்ணெ வாசம்லா வருது!"

"மரத்து வாசம்."

"ரம்புத்தான் மரத்துக்குத் தோச வாசமா?"

"பட்ட மரம் மாப்ள. அப்படித்தான் வரும்."

தௌக்கே வாய்விட்டுச் சிரித்தார். மரம் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், அப்பா சொன்ன இடத்தில் விழுந்தது. தௌக்கே அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, மீதி மரங்களைக் கையால் வட்டமாகக் காட்டி, "எல்லாம் நீயே பாரு. என் தம்பி தோட்டத்துக்கும் போகலாம்" என்றார். என் கையில் சூடு ஆறாத ஒரு முட்டையை வைத்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அப்பா கேட்பதற்கு முன்பே கையை விரித்துக் காட்டினார்.

"மிசினு ஓடுச்சா?"

"ஓடாம? நீ பூச போட்ட மிசினாச்சே."

மாமா லோரியிலிருந்து தலையை நீட்டி, "மொதல்ல எங்க ஓடுச்சி அக்கா? தௌக்கே வேற ஆளக் கூப்புடப் போயிட்டாரு" என்றார்.

"ப்ளக்கு நனைஞ்சி போச்சி. அவ்வளவுதான்," என்று அப்பா துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முட்டையைக் காட்டினேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். பயந்துகொண்டுதானே அவரே பொய் சொல்கிறார் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை அம்மா குழாயடியில் துணி துவைத்தாள். அப்பாவின் வெள்ளைத் துண்டைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் மஞ்சளாகச் சந்தனமும் சிவப்பாகக் குங்குமமும் எஞ்சின் கறுப்போடு தீற்றிக் கிடந்தன. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே பாட்டு முனகிக்கொண்டு அரத்தால் சங்கிலிப் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உட்கார்ந்து, துண்டை வெகுநேரம் கசக்கினாள். கண் சிவந்திருந்தது. சவுக்காரம் பட்டுவிட்டதாக்கும் என்று நான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

தீபாவளி வந்தது. மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "என்னா அக்கா, கெடு முடிஞ்சிப் போச்சி. ஒன்னும் சொல்லக் காணோமே?" என்றார்.

அம்மா பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "எந்தக் கெடு?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த வருடமோ இரவல் போன இட்லித் தட்டை இன்னும் சொல்லிக் காட்டுகிறவள், தான் வைத்த கெடுவை எப்படி மறந்தாள்? அப்பாவாவது எடுத்துக் கொடுப்பார் என்று பார்த்தேன். அவர் அதிரசத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிட்டதே, இவர்களை வைத்துக்கொண்டு இந்த வீடு எப்படி நடக்கும் என்று எனக்கு ஒரே கவலையாகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. மாமாவிடம் கேட்டால், பெரிய மிசினைத்தான் வாங்கினோம் என்று சாதிக்கிறார். மூடிக்குள் இருந்த வலை கம்பியா, துணியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அடிமரத்தை ஒரே மூச்சில் அறுத்தாரா, நடுவில் சங்கிலியை இறுக்கினாரா, அதுவும் தெரியவில்லை. மிசின் விவரம் அறிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.