கல்லூரிக்கு நான் எழுதிய மனு

2011-இல் பிளஸ் டூ முடித்த விடுமுறையில், புதுக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டரில் நடந்தது இது. வெளிமாநிலத்தில் உள்ள ஓர் அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். மதிப்பெண் மட்டும் போதாது, உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் வேண்டும் என்றிருந்தார்கள். அன்றுதான் கடைசி நாள். தவறினால், அத்தை பேசி வைத்திருந்த நர்சிங் படிப்புதான். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

கட்டுரையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். எங்கள் கடற்கரையில் யாரிடமாவது எதையாவது எழுதிக் கேட்பதென்றால் ஒரே வடிவம்தான், மனு. கலெக்டருக்கானாலும் பங்குத்தந்தைக்கானாலும் அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு வரிசையாகக் கஷ்டங்கள், கடைசியில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். அந்தத் திமிரில் கல்லூரிக்கும் ஒன்று தீட்டியிருந்தேன். ‘என் தந்தை கல்வியறிவற்ற ஏழை மீனவர்’ என்பதுதான் முதல் வரி.

டைப் செய்த அக்கா திற்பரப்புப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவர், படகில் ஏறியதே இல்லை. முதல் வரியை அடித்ததும் அவர் கை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் பிழை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“படிக்காத ஆளு, நேத்து மீன் கெடச்ச எடத்த இன்னைக்கு எப்பிடி மக்களே கண்டுபிடிப்பாரு? கடலுக்குள்ள கல்லா நட்டு வச்சிருக்கு?”

சிரித்துக்கொண்டே சொன்னேன். படகிலிருந்து கரையைப் பார்த்தால், மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலை உச்சி வர வேண்டும். இன்னொரு பக்கம் தென்னந்தோப்பின் ஓரத்துக்குப் பின்னால் வேறொரு மலை. இரண்டும் ஒன்றாக அமைந்தால் அப்பாவுக்கு அதுதான் இடம். அக்கா விடவில்லை. மழையில் மலை மறைந்தால்? தோப்பை வெட்டிவிட்டால்?

எனக்கும் சூடு பிடித்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒருநாள் அப்பாவின் அடையாளங்களை மாவட்ட மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்டு கடலில் விழ வேண்டிய புள்ளி இதே புதுக்கடைக்குப் பக்கத்தில் விழுந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பா மலைகளின் வரிசையைப் பார்த்து, நான் பக்கத்து மலையைப் பிடித்துவிட்டதாக விரல் வைத்துக் காட்டினார். கோட்டை மாற்றினேன், புள்ளி கடலுக்குள் போனது.

“இத விட்டுட்டா இந்த அழுகைய எழுதிட்டு வந்த?” என்றார் அக்கா.

முதல் வரி திரையில் அப்படியே இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு சீட்டுக்காக அப்பாவை ஒன்றும் தெரியாதவராக்கியிருந்தேன். முழுவதையும் அழிக்கச் சொன்னேன். அக்கா கேட்ட கேள்விகளை அதே வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். புள்ளி தப்பிப் போன கதைதான் முதல் பத்தி. கடை அடைப்பதற்குள் அனுப்பிவிட்டோம்.

நேர்காணலில் அந்தக் கோடுகளைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன் என்றேன். இடம் கிடைத்தது.

படகில் ஏறியே இராத அந்த அக்காவுக்குத் தெரிந்துகொள்ள ஆசை வந்த பிறகுதான், பதினேழு வருடம் அதே வீட்டில் வளர்ந்த எனக்கு என் அப்பாவைப் பற்றி எழுத வந்தது என்பது இப்போது நினைத்தாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது.